எண்ணிக்கைக்கு முன்: ஈஸ்ட்ரோஜன், இளையோர் மனநலம், கணினிப் பார்வை ஆகிய ஆய்வுகளில் வகைப்படுத்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மாதவிடாய் நின்ற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டால் மாரடைப்பு குறையும் என்ற கருத்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவ உலகில் வலுவாக வேரூன்றியிருந்தது. 2002இல் வெளியான ஒரு பெரும் சோதனை அதனைத் தகர்த்தது. அக்கருத்து தோன்றி வளர்ந்து வீழ்ந்த வரலாற்றை இக்கட்டுரை முதன்மையாக ஆராய்கிறது. எவர் எக்குழுவில், எப்பெயரின்கீழ் சேர்க்கப்பட்டார் என்பதே கணக்கீட்டின் விடையைப் பெரிதும் முன்கூட்டித் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இளையோருக்கான மனச்சோர்வு மருந்துகளின் சோதனைகள், மருத்துவப் படங்களை வாசிக்கும் கணினிப் பார்வை ஆய்வுகள் ஆகிய இரு களங்களிலிருந்து பெறப்படும் சான்றுகளும் இக்கருதுகோளோடு பொருத்திப் பார்க்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஈஸ்ட்ரோஜன், இதய நோய், சமவாய்ப்புச் சோதனை, இளையோர் மனநலம், கணினிப் பார்வை, வகைப்படுத்தல், அறிவியல் வரலாறு

முன்னுரை

1985 அக்டோபர் 24ஆம் நாளிட்ட 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' ஒரே வினாவிற்கு இரு விடைகளைத் தாங்கி வெளிவந்தது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் உட்கொள்ளும் பெண்களுக்கு இதய நோய் கூடுமா, குறையுமா என்பது வினா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்காம் நகரில் 1,234 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வந்தவர்கள், இதயமும் இரத்த நாளங்களும் சார்ந்த நோய் 50 விழுக்காட்டிற்கும் மேல் கூடுவதாக எழுதினர். 32,317 செவிலியர்கள் அஞ்சலில் நிரப்பி அனுப்பிய வினாப்படிவங்களை ஆராய்ந்த ஹார்வர்டு குழுவினரோ, இதய நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக எழுதினர். இரண்டும் அனுபவமிக்க ஆய்வாளர்களின் உழைப்பு. இரண்டிலும் வயது, புகைப்பழக்கம் முதலியவற்றிற்கான புள்ளியியல் திருத்தங்கள் செய்யப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே இதழின் நடுவர்களைக் கடந்து வந்தவை.

அடுத்த பதினேழு ஆண்டுகளில் மருத்துவ உலகம் இவ்விரு விடைகளுள் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை ஏறக்குறைய மறந்தது. ஏற்கப்பட்ட விடை பின்னர்ப் பொய்த்தது. அதற்காக மறக்கப்பட்ட விடை முழுமையாக மெய்யாகிவிடவும் இல்லை. சுவடிப் பதிப்பில் ஈடுபடுவோர், ஓர் ஏடு எவரிடமிருந்து, எதைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டு வந்தது என்று அறியாமல் அதன் பாடத்தை மதிப்பிடுவதில்லை. எண்களுக்கும் அத்தகைய வழிவரலாறு உண்டு. அவ்வழிவரலாற்றைத் தேடுவதே இங்கு மேற்கொள்ளப்படும் பணி.

மாத்திரையும் அதன் வாக்குறுதியும்

கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் கலவை, 'பிரெமரின்' என்ற பெயரில் 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தோன்றும் உடற்சூடு, வியர்வை, உறக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்கவே அது கொடுக்கப்பட்டது. அப்பணியை அது செய்தது; இன்றும் செய்கிறது. சிக்கல் அடுத்த படியில் எழுந்தது. நியூயார்க்கின் மகளிர் நோய் மருத்துவர் இராபர்ட் வில்சன் 1966இல் வெளியிட்ட 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்னும் நூல், மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, வாழ்நாள் முழுவதும் ஈஸ்ட்ரோஜன் கொள்ளுமாறு பெண்களுக்கு அறிவுறுத்தியது. நூல் பெருமளவில் விற்றது. வில்சனுக்கு மருந்து நிறுவனங்கள் பொருளுதவி செய்த செய்தி பின்னரே வெளிப்பட்டது.

இதயத்தோடு இம்மாத்திரை இணைக்கப்பட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய ஃபிரேமிங்காம் ஆய்வு, மாதவிடாய் நிற்காத பெண்களிடம் மாரடைப்பு மிக அரிதாகவே நிகழ்வதைக் காட்டியது. ஆணிடம் குறைவாகவும் பெண்ணிடம் மிகுதியாகவும் இருப்பது, மாதவிடாய் நின்றதும் வற்றிவிடுவது ஈஸ்ட்ரோஜன். எனவே அதுவே இதயத்தின் காவல் என்று கருதப்பட்டது. எளிமையான வாதம், கேட்பவரை எளிதில் வயப்படுத்தும் வாதமும்கூட.

இவ்வாதம் முதலில் பெருமளவில் சோதிக்கப்பட்டது பெண்களிடம் அன்று என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. மாரடைப்பிலிருந்து பிழைத்த 8,341 ஆண்களைக் கொண்டு 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய இதயத் தமனி மருந்துத் திட்டத்தில், ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமும் மற்றொரு பிரிவினருக்கு 2.5 மில்லிகிராமும் ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டது. உயிர்போக்காத மாரடைப்புகள் மிகுந்ததால் முதற்பிரிவு 1970இல் நிறுத்தப்பட்டது. இரத்தக்கட்டு முதலிய தீங்குகள் தென்பட, பலனேதும் காணப்படாத நிலையில் இரண்டாம் பிரிவு 1973இல் கைவிடப்பட்டது. பெண்ணின் இயக்குநீர் ஆணுக்கு ஒவ்வாது, அளவும் மிகுதி என்று இம்முடிவிற்கு விளக்கம் கூறப்பட்டது. விளக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஈஸ்ட்ரோஜன் குறித்துக் கையில் இருந்த மிகப் பெரிய சமவாய்ப்புச் சோதனையின் முடிவு அவ்விளக்கத்தால் ஓரங்கட்டப்பட்டது என்பதும் உண்மை.

1975இல் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொள்ளும் பெண்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பன்மடங்கு கூடுவதை இரு ஆய்வுகள் காட்டின, விற்பனை சரிந்தது. பின்னர்ப் புரோஜெஸ்டின் என்ற மற்றொரு இயக்குநீரைச் சேர்த்துக் கொடுத்தால் அவ்விடர் நீங்கும் என அறியப்பட்டது. மாத்திரை மீண்டெழுந்தது. மீண்டெழுந்தபோது அதற்குப் புதியதொரு நியாயம் தேவைப்பட்டது. அந்நியாயத்தை இதயம் வழங்கியது.

தவறாமல் விழுங்குவோர்

1976இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வு ஏறத்தாழ 1,21,700 பெண்களைக் கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வினாப்படிவம் அனுப்பி, அவர்தம் பழக்கங்களையும் நோய்களையும் பதிந்து வந்த இவ்வாய்வின் பரப்பிற்கும் ஒழுங்கிற்கும் ஈடு சொல்லக்கூடியவை மிகச் சிலவே. இதன் முடிவுகளையும் பிற கண்காணிப்பாய்வுகளையும் ஒன்றுசேர்த்து, மெயர் ஸ்டாம்ஃபர், கிரகாம் கோல்டிட்ஸ் இருவரும் 1991இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஈஸ்ட்ரோஜன் உட்கொள்வோரிடம் இதயத் தமனி நோய் 44 விழுக்காடு குறைவு எனக் கணித்தது. 1992இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், மாதவிடாய் நின்ற பெண்கள் அனைவரும் தடுப்பு நோக்கில் இயக்குநீர் கொள்வதைக் கருதிப்பார்க்க வேண்டும் என்றது. 1995இல் 875 பெண்களைக் கொண்ட பெப்பி என்னும் சோதனை, இயக்குநீர் கொண்டோரிடம் நல்ல கொழுப்பு கூடித் தீய கொழுப்பு குறைவதைக் காட்டியபோது ஐயம் தீர்ந்தது என்றே பலர் எண்ணினர். கொழுப்பின் அளவு மாரடைப்பின் அறிகுறியே தவிர மாரடைப்பு ஆகாது என்று கூறியவர்களின் குரல் அவ்வளவாக எடுபடவில்லை.

இந்த உறுதிப்பாட்டின் அடியில் ஒரு விரிசல் முன்பே தெரிந்திருந்தது. அதனைக் காட்டியது ஈஸ்ட்ரோஜன் ஆய்வே அன்று; மேலே கூறிய ஆண்களுக்கான இதயத் தமனி மருந்துத் திட்டம். அத்திட்டத்தில் குளோஃபைப்ரேட் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தும் சோதிக்கப்பட்டது. 1980இல் வெளியான அதன் பகுப்பாய்வின்படி, தமக்குரிய மாத்திரைகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ உட்கொண்டவர்களுள் ஐந்தாண்டுகளில் 15.0 விழுக்காட்டினர் இறந்தனர். அதற்குக் குறைவாக உட்கொண்டவர்களுள் 24.6 விழுக்காட்டினர் இறந்தனர். இத்துடன் நிறுத்தியிருந்தால் மருந்தின் வெற்றி என்று முரசறைந்திருக்கலாம். ஆனால் மருந்துப்போலி பெற்றவர்களிடமும் அதே கணக்கு போடப்பட்டது. மருந்தே இல்லாத மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. விட்டுவிட்டு விழுங்கியவர்களுள் ஏறத்தாழ 28 விழுக்காடு. தெரிந்த நாற்பது காரணிகளுக்குத் திருத்திப் பார்த்த பின்னும் வேறுபாடு பெரிதும் மறையவில்லை.

மாத்திரையைத் தவறாமல் உட்கொள்பவர் வேறு பலவற்றையும் தவறாமல் செய்பவர். அவர் நேரத்திற்கு உண்கிறார், மருத்துவரைப் பார்க்கிறார், சொன்னதைக் கேட்கிறார். அவ்வாறு செய்ய இயலாத அளவிற்கு அவர் ஏற்கெனவே நோயுற்றோ வறுமையுற்றோ இருப்பதில்லை. இவற்றுள் எது அவரைக் காத்தது என்று பிரித்தறியும் வழி வினாப்படிவத்தில் இல்லை.

1980களின் நடுவில் கலிபோர்னியாவின் வால்நட் கிரீக் ஆய்வுத் தரவுகளை நோக்கிய டயானா பெட்டிட்டியும் உடனுழைத்தோரும் இதே விரிசலைப் பெண்களிடம் கண்டனர். ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டோரிடம் இதய நோய் இறப்பு குறைவாக இருந்தது. விபத்து, தற்கொலை, கொலை ஆகியவற்றால் நேர்ந்த இறப்பும் குறைவாக இருந்தது. ஒரு மாத்திரை மாரடைப்பைத் தடுக்கக்கூடும், கொலைகாரனைத் தடுக்காது. 1991இல் எலிசபெத் பாரெட்-கானரும் 1994இல் பெட்டிட்டியும் இவ்வையத்தை வெளிப்படையாக எழுதினர். பின்னாளில் ஈஸ்ட்ரோஜனைத் தெரிவுசெய்த பெண்கள், மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே மற்றவரைவிடக் கூடிய கல்வியும் குறைந்த இரத்த அழுத்தமும் நல்ல கொழுப்பளவும் உடையோராய் இருந்தனர் என்பதைப் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு 1996இல் காட்டியது. ஆக, எச்சரிக்கை இல்லை என்று எவரும் பின்னர்க் கூற இயலாது. எச்சரிக்கை, முதன்மையான இதழ்களிலேயே அச்சாகியிருந்தது.

2002

இதய நோய் வல்லுநரும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநருமான பெர்னடீன் ஹீலி, மகளிர் நல முன்னெடுப்பு என்ற பெருந்திட்டத்தை 1991இல் அறிவித்தார். பலன் தெரிந்த மருந்திற்குச் சோதனை எதற்கு, பாதிப் பெண்களுக்கு வெற்றுமாத்திரை கொடுப்பது அறமா என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. மறுபுறம், நோயில்லாத கோடிக்கணக்கானோருக்குத் தடுப்பு என்ற பெயரில் ஒரு மருந்தைக் கொடுப்பதற்கு முன் சோதனைச் சான்று வேண்டும் என்று மகளிர் நல இயக்கத்தினர் வற்புறுத்தி வந்தனர்.

அத்திட்டம் முடிவதற்குள் ஹெர்ஸ் என்ற மற்றொரு சோதனையின் முடிவு 1998இல் வந்தது. ஏற்கெனவே இதயத் தமனி நோயுள்ள 2,763 பெண்கள் சராசரியாக 4.1 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். இயக்குநீர் பெற்ற பிரிவில் 172 பேருக்கும் மருந்துப்போலி பெற்ற பிரிவில் 176 பேருக்கும் மாரடைப்போ இதயத் தமனி நோயால் இறப்போ நேர்ந்தது. முதல் ஆண்டில் மட்டும் இயக்குநீர்ப் பிரிவில் நிகழ்வுகள் கூடுதலாக இருந்தன. நோயுற்றோரிடம் பலிக்காதது நலமுற்றோரிடம் பலிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னரும் எஞ்சியது.

2002 ஜூலையில் அதுவும் முடிந்தது. மகளிர் நல முன்னெடுப்பில் கருப்பையுள்ள 16,608 பெண்கள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரைக்கோ மருந்துப்போலிக்கோ சீட்டுக் குலுக்கியதுபோல் ஒதுக்கப்பட்டிருந்தனர். சராசரி வயது 63. எட்டரை ஆண்டுகள் நடைபெறுமெனத் திட்டமிடப்பட்ட சோதனை, 5.2 ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு அம்மாத்திரையை உட்கொண்டால் இதயத் தமனி நோய் நிகழ்வுகள் 7, பக்கவாதம் 8, நுரையீரல் இரத்தக்கட்டு 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடும். பெருங்குடல் புற்றுநோய் 6, இடுப்பெலும்பு முறிவு 5 குறையும் என்பது கணக்கு. ஒரு தனிப்பெண்ணுக்கு இது சிறிய இடர். கோடிக்கணக்கானோர் தடுப்பு மருந்தாக விழுங்கும் மாத்திரைக்கு இது சிறியதன்று. கருப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனைத் தனியே சோதித்த பிரிவும் 2004இல் நிறுத்தப்பட்டது. அதில் இதய நோய் கூடவும் இல்லை, குறிப்பிடத்தக்க அளவில் குறையவும் இல்லை, பக்கவாதம் கூடியது.

மருந்துச் சீட்டுகள் சடுதியில் சரிந்தன. உடற்சூட்டால் உறக்கமின்றித் தவித்த இளவயதுப் பெண்கள் பலரும் அச்சத்தால் மாத்திரையைக் கைவிட்டனர் என்பது இவ்வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத பக்கம். அறுபத்து மூன்று வயதைச் சராசரியாகக் கொண்ட குழுவின் முடிவு, ஐம்பது வயதுப் பெண்ணின் வேறொரு தேவைக்கு அப்படியே பொருத்தப்பட்டது. முன்னர் ஒரு பக்கம் நிகழ்ந்த பிழை இப்போது மறுபக்கம் நிகழ்ந்தது.

'உட்கொள்பவர்' யார்?

நலமுள்ள பெண்களே ஈஸ்ட்ரோஜனை நாடினர் என்ற விளக்கத்தோடு இவ்வரலாற்றை முடிப்பது வழக்கம். ஆனால் அது பாதி விளக்கமே. பக்கவாதத்தைப் பொறுத்தவரை செவிலியர் ஆய்வும் சோதனையும் ஏறத்தாழ ஒத்தே போயின. இதயத்தில் மட்டுமே அவை முரண்பட்டன. நலமுள்ளோர் என்பது மட்டுமே காரணமாயின் பக்கவாதமும் குறைந்து தோன்றியிருக்க வேண்டும்.

மிகுயெல் எர்னானும் உடனாய்வாளர்களும் 2008இல் செவிலியர் தரவையே எடுத்து, அதனைச் சோதனையின் வடிவில் மீண்டும் அடுக்கினர். அவர்கள் மாற்றியது முதன்மையாக ஒரு வரையறையைத்தான். பழைய பகுப்பாய்வில் 'உட்கொள்பவர்' என்றால், வினாப்படிவம் நிரப்பும் நாளில் உட்கொண்டு வருபவர். அவருள் பலர் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு தாக்குப்பிடித்தவர்கள். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் மாரடைப்பு வந்து இறந்தவரோ நிறுத்தியவரோ அடுத்த படிவத்தில் 'உட்கொள்பவர்' ஆவதில்லை. ஹெர்ஸ் சோதனையில் இடர் முதல் ஆண்டிலேயே குவிந்திருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். எர்னான் குழுவினர் 'புதிதாகத் தொடங்குபவர்' என்று வரையறையை மாற்றி, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் கணக்கில் கொண்டபோது, இரு ஆய்வுகளுக்கும் இடையிலான முரண் பெரும்பாலும் கரைந்தது. தரவு மாறவில்லை. ஒரு சொல்லின் எல்லை மாறியது.

மாதவிடாய் நின்ற உடனே தொடங்கினால் நாளங்கள் காக்கப்படுமா என்ற 'காலக் கருதுகோள்' இன்றும் வாதத்தில் உள்ளது. 643 பெண்களைக் கொண்ட எலைட் சோதனை, கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பதன் வேகம் முன்தொடங்கியோரிடம் குறைவதை 2016இல் காட்டியது. அதுவும் ஓர் அறிகுறியின் அளவே. நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக இயக்குநீர் கொள்ளலாகாது என்பதே 2022இலும் அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழுவின் பரிந்துரையாக இருந்தது.

'மனநிலைத் தளம்பல்' என்ற பெயர்

ஈஸ்ட்ரோஜன் வரலாற்றில் மனிதர் தவறான குழுவில் நின்றனர். இளையோருக்கான மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றில் நிகழ்வே தவறான பெயரில் நின்றது. சோதனை சமவாய்ப்பு முறையில் நடந்தாலும் இப்பிழை நேரும் என்பதால் இதனை இங்கு ஒப்பிடுவது தகும்.

பராக்செட்டின் என்ற மருந்தை இளையோர் 275 பேரிடம் சோதித்த '329ஆம் ஆய்வு' 2001இல் வெளியானது. மருந்து பயனுடையது, பொதுவாகத் தாங்கத்தக்கது என்பது அதன் முடிவுரை. சோதனைத் திட்டத்தில் முன்கூட்டி வகுக்கப்பட்ட முதன்மை அளவுகளில் மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்னர்ச் சேர்க்கப்பட்ட அளவுகளே பயனைக் காட்டின. அதனினும் முக்கியமானது மற்றொன்று. தற்கொலை எண்ணமும் தற்கொலை முயற்சியும் தொடர்பான நிகழ்வுகள் 'மனநிலைத் தளம்பல்' என்ற பொதுப்பெயரின்கீழ்ப் பதிவாயிருந்தன. அப்பெயரைப் பட்டியலில் காணும் மருத்துவர் எவருக்கும் அதனுள் இருப்பது இன்னதென விளங்கியிராது.

2003இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறையினர் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இம்மருந்தைத் தரலாகாது என எச்சரித்தனர். அமெரிக்க ஒழுங்குமுறை நிறுவனம் செய்த பணி வரலாற்று நோக்கில் கூடுதல் கவனத்திற்குரியது. புதிய சோதனை எதனையும் அது நடத்தவில்லை. நிகழ்வுக் குறிப்புகளைக் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவிடம் ஒப்படைத்து, எந்தப் பிள்ளை எம்மருந்து பெற்றது என்று தெரியாத நிலையில், ஒவ்வொன்றையும் மீண்டும் படித்து வகைப்படுத்தச் செய்தது. தன்னைக் கிழித்துக்கொண்டது உயிர்விடும் எண்ணத்துடனா, விபத்தா, வேறு காரணத்தாலா என்று ஒன்றொன்றாகப் பிரித்தறியப்பட்டது. 24 சோதனைகள், 4,400க்கும் மேற்பட்ட இளையோர். தற்கொலை எண்ணமோ நடத்தையோ மருந்து பெற்றவர்களிடம் 4 விழுக்காடு, மருந்துப்போலி பெற்றவர்களிடம் 2 விழுக்காடு என்பது விடை. அச்சோதனைகளில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. 2004 அக்டோபரில் மருந்துப் பெட்டிகளில் கருங்கட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது; 2007இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது.

இதிலும் மறுபக்கம் உண்டு. ஃபுளுவாக்செட்டின் என்ற மற்றொரு மருந்தின் பயன், 439 இளையோரைக் கொண்டு 2004இல் வெளியான சோதனையில் உறுதிப்பட்டது. மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றோருள் 71 விழுக்காட்டினர் தேறினர். மருந்துப்போலி பெற்றோருள் 35 விழுக்காட்டினர். கருங்கட்டத்திற்குப் பின் மருந்துச் சீட்டுகள் குறைந்தன. அமெரிக்க இளையோர் தற்கொலை 2004இல் உயர்ந்திருந்தது. எச்சரிக்கையே உயிர்களைக் குடித்தது என்றனர் சிலர்; காலவரிசை அதற்கு இடந்தரவில்லை என்றனர் வேறு சிலர். இரண்டு கோடுகள் ஒருசேர ஏறி இறங்குவதைக் கண்டு காரணம் கற்பிக்கும் பழக்கம், ஈஸ்ட்ரோஜனில் சூடுபட்ட சில ஆண்டுகளிலேயே மீண்டும் தலைதூக்கியது. 329ஆம் ஆய்வின் மூலப் பதிவுகளைச் சுதந்திரமான குழு ஒன்று மீளப்படித்து, மருந்து பயனளிக்கவில்லை, தீங்கு கூடியது என்று எழுத 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படத்தில் இருந்த குழாய்

மனிதர் வைத்த பெயர்களே தரவாகும் மூன்றாம் களம் கணினிப் பார்வை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பேப்பர்ட் 1966இல் வகுத்த கோடைகாலத் திட்டம், பார்வைச் சிக்கலின் பெரும்பகுதியை மாணவர்களைக் கொண்டு ஒரு கோடையில் முடித்துவிடலாம் என எண்ணியது. அது முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் அலெக்ஸ்நெட் என்னும் நரம்பு வலையமைப்பு, இமேஜ்நெட் போட்டியில் பிழையை 15.3 விழுக்காடாகக் குறைத்தது. அடுத்து வந்த முறையின் பிழை 26.2 விழுக்காடு. அவ்வெற்றிக்கு வலையமைப்பைப் போலவே இன்றியமையாததாக இருந்தது, கூலிக்கு அமர்த்தப்பட்ட எண்ணற்றோர் இணையத்தின் வழி இலட்சக்கணக்கான படங்களுக்குப் பெயரிட்ட உழைப்பு.

மருத்துவப் படங்களுக்கு அவ்வாறு பெயரிட மருத்துவரின் நேரம் வேண்டும். அதற்குச் செலவு மிகும். ஆகவே அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2017இல் வெளியிட்ட 1,12,120 மார்பு எக்ஸ்ரே படங்களுக்கு, உடனிருந்த மருத்துவ அறிக்கைகளைக் கணினியே வாசித்து நோய்ப்பெயர் இட்டது. இப்படங்களில் பயின்ற கணினிகள் மருத்துவருக்கு நிகர் என்ற செய்தி அவ்வாண்டே பரவியது. ஆஸ்திரேலியக் கதிரியக்க மருத்துவர் லூக் ஓக்டன்-ரேனர் படங்களைத் தம் கண்ணால் பார்த்தார். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும் நியூமோதொராக்ஸ் என்று குறிக்கப்பட்ட பல படங்களில், அக்காற்றை வெளியேற்ற மருத்துவர் ஏற்கெனவே செருகிய குழாய் இருந்தது. அவர் குழுவினர் பின்னர்ச் செய்த ஆய்வில், நோயுள்ளவை எனக் குறிக்கப்பட்ட சோதனைப் படங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் குழாய் காணப்பட்டது. குழாய் உள்ள படங்களில் கணினியின் திறன் 0.94, இல்லாதவற்றில் 0.77. கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் தொடங்கப்பட்ட நோயைக் கண்டுபிடிப்பதில் கணினி வல்லதாக இருந்தது. இன்னும் எவரும் காணாத நோயைக் காண்பதில் தடுமாறியது. ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தாக்குப்பிடித்தவரை 'உட்கொள்பவர்' என்று எண்ணியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

2018இல் ஜான் செக்கும் உடனுழைத்தோரும் காட்டியது இன்னும் வெளிப்படையானது. நிமோனியாவைக் கண்டறியப் பயின்ற வலையமைப்பு, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை ஏறக்குறையப் பிழையின்றிச் சொல்லத்தக்கதாக இருந்தது. ஒரு மருத்துவமனையின் படங்களில் 34 விழுக்காடு நிமோனியா, மற்றொன்றில் 1.2 விழுக்காடு. இடம் தெரிந்தால் நோய் பாதி தெரிந்தது போலத்தான். அவ்வலையமைப்பைப் புதியதொரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அதன் திறன் குறைந்தது.

கணினிப் பார்வை இதயத்தையும் எட்டியது. 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களில் பயின்ற கூகுள் குழுவின் வலையமைப்பு, விழித்திரையைக் கொண்டே ஒருவரின் வயதைச் சராசரியாக 3.26 ஆண்டு பிழையோடும், பாலினத்தைப் பெரும்பாலும் சரியாகவும் கணிப்பதாக 2018இல் அறிவித்தது. விழித்திரையில் ஆண், பெண் என்று பிரித்தறிய மருத்துவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை. ஐந்தாண்டுகளில் பெரும் இதய நிகழ்வு நேருமா என்ற கணிப்பில் அதன் திறன் 0.70. வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கொண்டு போடப்படும் வழக்கமான ஐரோப்பியக் கணக்கின் திறன் 0.72. இயந்திரம் கண்டது இதய நோயையா, வயதையும் பாலினத்தையுமா என்ற வினா, 1985இன் வினாவிற்கு நெருங்கிய உறவுடையது.

பெயரிடுதலுக்கு உரிய உழைப்பைச் செலுத்திய முயற்சிகளும் உண்டு. நீரிழிவு விழித்திரை நோய்க்காக 2016இல் வெளியான கூகுளின் ஆய்வில், அமெரிக்காவோடு மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னையின் சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் படங்கள் பெறப்பட்டன. 1,28,175 படங்களை 54 கண் மருத்துவர்கள், ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு பேர் வரை, தனித்தனியே தரப்படுத்தினர். ஒரே படத்திற்கு வல்லுநர்கள் வேறு வேறு தரம் தந்தனர் என்பதும், அவ்வேறுபாட்டைப் பெரும்பான்மை வாக்கால் தீர்ப்பதைவிடக் கூடிப் பேசித் தீர்ப்பதே நுண்ணிய தொடக்கநிலை நோயைக் காட்டியது என்பதும் 2018இல் எழுதப்பட்டன.

அக்கணினி பின்னர்த் தாய்லாந்தின் பதினொரு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றது. அங்கு இருட்டறை இல்லாத இடங்களில் செவிலியர் எடுத்த படங்களுள் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டதைத் தெளிவில்லை என்று கணினி தள்ளியது. பயிற்சித் தரவில் இடம்பெற்றவை தெளிவான படங்கள். தள்ளப்பட்ட படத்திற்குரிய நோயாளி, செவிலியர் கண்ணுக்கு நோயின் தடமே தெரியாதபோதும், வேறொரு நாள் வேறொரு ஊரிலுள்ள கண் மருத்துவரிடம் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டார். கணினியின் திறனைக் கூறும் விழுக்காட்டில் அவர் எந்தப் பக்கத்திலும் எண்ணப்படவில்லை.